போலீஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் முதலில் கேட்க வேண்டியது: எந்தப் பிரிவு?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வண்டி ஓட்டும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்காட்லாந்தில் வண்டியை எடுத்துப்போக இதே மாதிரி அதிகாரம் 2004-இல் வந்த வேறொரு சட்டத்தில் இருக்கிறது, வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம், அதனால் அங்கே இருப்பவர்கள் கீழே வரும் பிரிவு எண்களை வைத்துக்கொண்டு போலீஸிடம் வாதாட வேண்டாம்.

இதை எழுத வைத்தது என் அக்கா மகன். போன வருடம் ஒரு கார் பார்க்கில் இரவு பதினொரு மணிக்கு நண்பர்களோடு சேர்ந்து டயர் புகைய வட்டமடித்திருக்கிறான், போலீஸ் வந்து ஒரு எச்சரிக்கைத் தாளை எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. அபராதம் இல்லை, லைசென்ஸில் ஏறும் தண்டனைப் பாயிண்ட் இல்லை, கோர்ட் இல்லை. அதனால் அதை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் மடித்து ஏதோ ஒரு புத்தகத்துக்குள் வைத்துவிட்டான், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நாலு மாதம் கழித்து அவன் அப்பாவின், அதாவது என் அத்தானுடைய காரை எடுத்துக்கொண்டு போய் ஏறக்குறைய அதே வேலையைச் செய்தான். இந்தத் தடவை எச்சரிக்கை எதுவும் இல்லை, நேராக ரெக்கவரி லாரி வந்து காரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. “என் காருக்கு யாரும் எச்சரிக்கையே கொடுக்கலையே, எப்படி எடுத்துட்டுப் போகலாம்?” என்று அத்தான் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதுதான் இவ்வளவும்.

போலீஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போகப் பல சட்டங்கள் இருக்கின்றன, ஆனால் சாதாரண ஆட்கள் மாட்டுவது பெரும்பாலும் இரண்டில்தான். ஒன்று, 2002-ஆம் ஆண்டின் போலீஸ் சீர்திருத்தச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, எல்லாரும் ‘செக்‌ஷன் 59’ என்பார்கள். வண்டியை ஓட்டிய விதத்துக்காக எடுப்பது அது. இன்னொன்று, 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 2005-இல் சேர்த்த 165ஏ பிரிவு. லைசென்ஸோ இன்சூரன்ஸோ இல்லாமல் ஓட்டியதற்காக எடுப்பது இது. எச்சரிக்கை எப்போது தேவை, திரும்ப எடுக்க என்ன காகிதம் வேண்டும், யார் பணம் கட்ட வேண்டும் என்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் வேறு வேறு. அதனால் கையில் கிடைக்கும் தாளில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் யாருக்கும் போன் போடாதீர்கள், போனில் வரும் அறிவுரை பாதிக்கு மேல் அந்த இன்னொரு பிரிவுக்கானதாக இருக்கும்.

நிறுத்தச் சொன்னால்

சீருடையில் இருக்கும் போலீஸ் நிறுத்தச் சொன்னால் நிறுத்தியே ஆக வேண்டும். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட அவருக்கு இல்லை, சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 163-ஆம் பிரிவு அப்படித்தான் இருக்கிறது, நிறுத்தாமல் போனால் 1000 பவுண்ட் வரை அபராதம். “நான் ஒண்ணுமே பண்ணலையே, ஏன் நிறுத்துறீங்க” என்று தொடங்குவதால் சட்டப்படி எதுவும் கிடைக்காது. ஓரமாக, வெளிச்சமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைகள் தெரிகிற மாதிரி உட்காருங்கள். இறங்கச் சொன்னால் இறங்குங்கள்.

பெயர், முகவரி, பிறந்த தேதி, லைசென்ஸ், இன்சூரன்ஸ் இவற்றைக் கேட்டால் கொடுக்க வேண்டும். எங்கே போய்விட்டு வருகிறீர்கள், வண்டியில் இருப்பவர் யார், அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் மாதிரியான மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்வது உங்கள் இஷ்டம். அதற்காக முறைத்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம், ஆனால் பதட்டத்தில் “ஆமா, கொஞ்சம் வேகமாத்தான் வந்தேன், ஸாரி” என்று உளறிவிட்டால் அது அவருடைய குறிப்பேட்டிலும் உடம்பில் மாட்டியிருக்கும் கேமராவிலும் பதிவாகிவிடும், அப்புறம் அழிக்க முடியாது. நீங்கள் படம் எடுக்கலாம், தடை எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் எடுப்பது நல்லது, ஏனென்றால் ஓட்டும்போது ஓட்டுநர் கையில் போன் இருந்தால் அதுவே இன்னொரு வழக்காகிவிடும்.

செக்‌ஷன் 59

இந்தப் பிரிவைப் போலீஸ்காரர் பயன்படுத்த இரண்டு விஷயம் சேர்ந்தே இருக்க வேண்டும். முதலாவது, ஓட்டிய விதம் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 3-ஆம் பிரிவையோ 34-ஆம் பிரிவையோ மீற வேண்டும். 3 என்பது கவனமில்லாமல் அல்லது மற்றவர்களைப் பற்றிய அக்கறை இல்லாமல் ஓட்டுவது, ரோட்டில் மட்டுமல்ல, பொதுமக்கள் வந்துபோகும் கார் பார்க்கிலும் செல்லும். 34 என்பது அனுமதியில்லாமல் புல்வெளி, பொது நிலம், நடைபாதை, குதிரைப் பாதை இவற்றில் மோட்டார் வண்டியை ஓட்டுவது. இரண்டாவது, அந்த ஓட்டம் பொதுமக்களுக்குப் பயத்தையோ மன உளைச்சலையோ எரிச்சலையோ தர வேண்டும், அல்லது தரக்கூடியதாக இருக்க வேண்டும். எரிச்சல் என்ற அந்த ஒரு சொல்தான் வலையை இவ்வளவு அகலமாக்குகிறது, ஏனென்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது. ஆனால் எரிச்சல் மட்டும் போதாது, முதல் நிபந்தனையும் வேண்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சைலன்ஸர் சத்தமாக இருக்கிறது, பாட்டு அலறுகிறது, நாலு பையன்கள் கார் பக்கத்தில் நின்று பேசுகிறார்கள், இவை மட்டுமே செக்‌ஷன் 59 ஆகாது. சைலன்ஸருக்கு வேறு விதி இருக்கிறது, அதில் அபராதம் வரலாம், அது தனிக் கதை. ரவுண்டானாவில் வேண்டுமென்றே டயரைத் தேய்ப்பது, குடியிருப்புத் தெருவில் ரேஸ் விடுவது, முன்னால் போகிறவரை ஒட்டிக்கொண்டே போய் ஹாரன் அடித்து மிரட்டுவது, பார்க்கில் பைக்கை விட்டுப் புல்லைக் கிளறுவது, இவையெல்லாம் தாராளமாக வரும்.

அவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்றும் இல்லை. ‘ஓட்டப்பட்டது’ என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் போதும், அதாவது பக்கத்து வீட்டுக் கதவு மணியின் கேமராவோ இன்னொருவருடைய டேஷ்கேமோ போதும்.

இரண்டும் சேர்ந்தால் அவர் வண்டியை நிறுத்தச் சொல்லலாம், எடுத்துக்கொண்டு போகலாம், அதற்காக ஒரு இடத்துக்குள் நுழையலாம், தேவையான அளவு பலத்தையும் பயன்படுத்தலாம். வீட்டுக்குள் வர முடியாது. ஆனால் வீட்டோடு சேர்ந்த கராஜ், வீட்டு முன்னால் இருக்கும் டிரைவ்வே இரண்டையும் சட்டமே ‘வீடு’ என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. கராஜுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டால் தொட முடியாது என்று சொல்லும் நண்பர்களை நம்ப வேண்டாம்.

இனி எச்சரிக்கை. சாதாரணமாக, இப்படியே தொடர்ந்தாலோ திரும்பச் செய்தாலோ வண்டியை எடுத்துக்கொள்வேன் என்று முதலில் எச்சரிக்க வேண்டும், அதற்குப் பிறகும் செய்தால்தான் எடுக்கலாம். இதற்கு விலக்குகள் இருக்கின்றன. எச்சரிக்க முடியாத சூழ்நிலை ஒன்று, ஆள் ஓடிவிட்டான் என்று வையுங்கள். அதே சம்பவத்தில் ஏற்கெனவே அவரோ வேறு போலீஸோ எச்சரித்துவிட்டது இன்னொன்று. இதில் எச்சரிக்கை உங்களுக்கே வந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அதே இடத்தில் இன்னொருவருக்கு இன்னொரு வண்டிக்காகக் கொடுத்ததே போதும், அதனால் கூட்டமாக நிற்கும் கார்களில் ஒன்றுக்குப் போலீஸ் எச்சரிக்கை கொடுப்பதைப் பார்த்தால் கிளம்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம். மூன்றாவதுதான் அத்தானுடைய காரைக் கொண்டுபோனது: அந்த ஆளுக்குக் கடந்த 12 மாதத்துக்குள் இதே பிரிவில் ஒரு எச்சரிக்கை வந்திருந்தால் மறுபடி எச்சரிக்க வேண்டியதில்லை. எந்தப் போலீஸ் கொடுத்தது, எந்த வண்டி, என்ன செய்தார் என்பது எதுவும் பொருட்டில்லை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. லீட்ஸில் பைக்குக்கு வாங்கிய எச்சரிக்கை லெஸ்டரில் அப்பாவின் காருக்கும் செல்லும். ஆளோடு ஒட்டிக்கொண்டு வருவது அது.

வண்டியைப் பற்றியும் அவர்கள் பதிவில் குறித்துக்கொள்வார்கள். அதனால் எச்சரிக்கை வாங்கியவரிடமிருந்து செகண்ட் ஹாண்டில் கார் வாங்கினாலோ, உங்கள் காரை ஓட்டி வேறொருவர் எச்சரிக்கை வாங்கியிருந்தாலோ, அடிக்கடி நிறுத்தப்பட வாய்ப்பு உண்டு. அப்படி நிறுத்தினால் எச்சரிக்கை வாங்கியது நீங்கள் இல்லை, வேறு ஆள் என்பதை அமைதியாகச் சொல்லுங்கள், 12 மாத விலக்கு ஆளைப் பற்றித்தான் பேசுகிறது.

தாள் கையில் வந்ததும் என்ன செய்ய வேண்டும்? தேதி, நேரம், இடம், அந்தப் போலீஸின் தோள்பட்டையில் இருக்கும் எண், எந்த ஓட்டத்துக்காக என்று அவர் சொன்ன வார்த்தைகள், எல்லாவற்றையும் அன்றைக்கு இரவே எழுதிவையுங்கள். தாளை ஃபோட்டோ எடுங்கள். 12 மாதம் முடியும் நாளைப் போன் காலெண்டரில் போடுங்கள். வீட்டில் யாருடைய வண்டியை எல்லாம் ஓட்டுவீர்களோ அவர்களிடம் சொல்லிவிடுங்கள், வெட்கமாக இருந்தாலும் பரவாயில்லை. இது குற்றத் தீர்ப்பு ஆகாது, பாயிண்டும் இல்லை. அதே நேரம், எச்சரிக்கை கொடுத்துவிட்டதால் 3-ஆம் பிரிவில் வழக்குப் போட மாட்டார்கள் என்றும் அர்த்தம் இல்லை, இரண்டும் சேர்ந்தே வரலாம், அது தனியாக 100 பவுண்ட், 3 பாயிண்ட் என்று தொடங்கும்.

எச்சரிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் வழி வைக்கவில்லை. இதுதான் இந்தப் பிரிவில் எனக்கு உறுத்துவது. ஒரு போலீஸ்காரரின் நம்பிக்கை மட்டுமே ஒருவரை 12 மாதம் கயிற்றில் கட்டிவைக்கிறது, கேட்க ஒரு நீதிபதி இல்லை. இருக்கிற ஒரே எளிய வழி அந்தப் போலீஸ் படையிடம் புகார் கொடுப்பது, அதைக் கீழே சொல்கிறேன். இதற்கு மேல், 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்த குற்ற, போலீஸ் மசோதாவில் இந்த முதல் எச்சரிக்கையையே எடுத்துவிடும் யோசனை இருந்தது. அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வந்திருந்தால் முதல் தடவையே வண்டி போகும், அதனால் ‘ஒரு தடவை விடுவாங்க’ என்ற கணக்கில் யாரும் ஓட்ட வேண்டாம்.

165ஏ: நம்மவர்கள் அதிகம் மாட்டும் இடம்

டயர் புகைய வட்டமடிக்கும் வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். ஒழுங்காக, மெதுவாக, சீட் பெல்ட் போட்டு, குடும்பத்தோடு போய்க்கொண்டிருக்கும்போதே கார் போய்விடும். போலீஸ் காரில் இருக்கும் நம்பர் பிளேட் கேமரா இன்சூரன்ஸ் டேட்டாபேஸைப் பார்த்து ‘இல்லை’ என்று சொன்னால் போதும், விளக்குப் போட்டுவிடுவார்கள்.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு, ஆனால் அது வேறு மாதிரி. லைசென்ஸையோ இன்சூரன்ஸ் ஆதாரத்தையோ இப்போதே காட்டாவிட்டால் வண்டியை எடுப்பேன் என்று எடுக்கும் முன் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். காட்ட முடியவில்லை, இல்லாமல்தான் ஓட்டுகிறீர்கள் என்று நம்ப அவருக்கு நியாயமான காரணமும் இருக்கிறது என்றால் எடுக்கலாம். “காகிதத்தைக் காட்ட ஏழு நாள் டைம் இருக்கு சார்” என்று பலர் சொல்வார்கள். ஏழு நாளுக்குள் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுவந்து காட்டலாம் என்பது உண்மைதான், ஆனால் அது காகிதம் காட்டாத குற்றத்திலிருந்துதான் உங்களைக் காப்பாற்றும், ரோட்டோரத்தில் வண்டியை எடுப்பதைத் தடுக்காது. நிறுத்தாமல் ஓடிப்போனாலும் 24 மணி நேரத்துக்குள் தேடி வந்து எடுக்கலாம்.

முதலில் ஊர் லைசென்ஸ். இந்தியா, இலங்கை லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதை வைத்து ஓட்டலாம். அதற்குப் பிறகு அது இங்கே வெறும் அட்டை. நடுவில் ஊருக்குப் போய்விட்டு வந்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று ஒரு கதை உலவுகிறது, இங்கே குடியிருப்பவருக்கு அப்படித் தொடங்காது. சர்வதேச பெர்மிட் எடுத்தாலும் காலம் நீளாது. 12 மாதம் முடிந்தபின் தனியாக ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்கு, கூடவே இன்சூரன்ஸும் செல்லாது என்று சொல்லிவிடுவார்கள், இரண்டு காரணமும் சேர்ந்து வண்டி போகும். இன்னும் காலம் இருக்கிறவர்கள் இங்கே வந்த தேதியைக் காட்டும் ஆதாரத்தைப் போனில் வைத்திருங்கள். பத்தாவது மாதத்தில் தியரி டெஸ்டுக்குப் படிக்கத் தொடங்குவது தாமதம், ஏனென்றால் பிராக்டிகல் டெஸ்டுக்குத் தேதி கிடைப்பதே பெரும்பாடு. பிராவிஷனல் லைசென்ஸுக்கு (பழகுநர் உரிமம்) வந்ததும் எல் பிளேட்டும், பக்கத்தில் 21 வயது நிரம்பிய, லைசென்ஸ் எடுத்து மூன்று வருடமான ஒருவரும் வேண்டும், இருபது வருடம் ஊரில் லாரி ஓட்டியவராக இருந்தாலும் சரி.

அடுத்து டெலிவரி. படிக்க வந்த பிள்ளைகள் சொந்தக் காரிலோ ஸ்கூட்டரிலோ சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். சாதாரண பாலிசி குடும்ப உபயோகத்துக்கும், சேர்த்திருந்தால் வேலைக்குப் போய்வருவதற்கும் மட்டும்தான். கூலிக்குப் பொருள் கொண்டுபோக அதற்கென்று தனியாக இன்சூரன்ஸ் வேண்டும். டேட்டாபேஸில் பாலிசி இருப்பதாகவே காட்டும், ஆனால் பின் சீட்டில் டெலிவரி பை இருப்பதைப் பார்த்து போலீஸ் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டால் கதை முடிந்தது.

நண்பர் காரை ஓட்டுவது மூன்றாவது. “என்னுது ஃபுல்லி காம்ப் (முழு இன்சூரன்ஸ்), யார் காரையும் ஓட்டலாம்” என்பது பழைய காலத்து நம்பிக்கை. அந்த வசதி இப்போது பல பாலிசிகளில் இல்லை, இருந்தாலும் சர்டிஃபிகேட்டில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால், டேட்டாபேஸ் அந்தக் காரைப் பார்க்கும்போது உங்கள் பெயர் வராது, அதனால் சர்டிஃபிகேட்டின் பிடிஎஃப்பைப் போனிலேயே வைத்திருங்கள், அந்த வரியை நீங்களே எடுத்துக் காட்டுங்கள். புதிதாக எடுத்த பாலிசிக்கும் இதே அறிவுரைதான், டேட்டாபேஸில் ஏறச் சில நாள் ஆகலாம்.

யாரும் எதிர்பார்க்காதது ஒன்று இருக்கிறது. பேங்க் மாற்றியபோது டைரக்ட் டெபிட் நின்றுபோய், கம்பெனி அனுப்பிய மின்னஞ்சல்கள் ஸ்பாமில் கிடந்து, பாலிசியே ரத்தாகியிருக்கும். வாங்கியபோது கொடுத்த சர்டிஃபிகேட்டை நல்லெண்ணத்தில் காட்டுவோம், போலீஸ் சிரிக்காமல் தலையாட்டிவிட்டு லாரிக்குச் சொல்வார். மாதாமாதம் கட்டுகிறவர்கள் பேங்க் கணக்கை ஒரு தடவை பாருங்கள், இப்போதே பார்த்தாலும் நல்லது.

மின்சார ஸ்கூட்டரும் சைக்கிளும் இதில் சேரும். நின்றுகொண்டு ஓட்டும் மின் ஸ்கூட்டர் சட்டப்படி மோட்டார் வண்டி. வாடகைத் திட்டத்தில் இருப்பவை தவிர, சொந்தமாக வாங்கியதை ரோட்டிலோ நடைபாதையிலோ சைக்கிள் பாதையிலோ ஓட்டக்கூடாது, கடையில் விற்கிறார்களே என்பது பதில் இல்லை. மின் சைக்கிள் என்றால் பெடல் இருக்க வேண்டும், மோட்டார் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும், மணிக்கு 15.5 மைல் வந்ததும் மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும், ஓட்டுபவருக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். கிட் வாங்கி மாட்டி 30 மைலில் பறப்பது சட்டத்தின் கண்ணில் நம்பர் பிளேட் இல்லாத மோட்டார் சைக்கிள். வண்டி போவதோடு நிற்காது: இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 300 பவுண்ட், 6 பாயிண்ட். பிராவிஷனல் மட்டும் வைத்திருப்பவருக்கும் அந்தப் பாயிண்ட் ஏறும். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 பாயிண்ட் வந்தால் லைசென்ஸே ரத்து, மறுபடி தியரியிலிருந்து தொடங்க வேண்டும்.

ரோட்டோரத்தில் இன்சூரன்ஸ் சந்தேகம் வந்தால், கம்பெனிக்கு நீங்களே போன் போட்டு ஸ்பீக்கரில் போலீஸோடு பேசவிட அனுமதி கேளுங்கள். பகலில் இது பல தடவை வண்டியைக் காப்பாற்றும். இரவு என்றால் அழைப்பு மையம் மூடியிருக்கும், அப்போது சர்டிஃபிகேட் ஒன்றுதான் துணை.

லாரி வந்துவிட்டால்

வாதாட்டத்தை நிறுத்திவிட்டு வேலையைப் பாருங்கள். வண்டியை நாலு பக்கமும் ஃபோட்டோ எடுங்கள், மைலேஜ் தெரிகிற மாதிரி ஒன்று. மருந்து, வீட்டுச் சாவி, பாஸ்போர்ட், குழந்தை சீட், லேப்டாப் இவற்றை எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். கைக்குழந்தையோ வயதானவரோ கூட இருந்தால் வீட்டுக்குப் போக என்ன வழி என்று வாய்விட்டுக் கேளுங்கள். நோட்டீஸ் வாங்காமல் நகராதீர்கள், அதில் பிரிவு, எண், எந்த கிடங்குக்குப் போகிறது, எந்தத் தேதிக்குள் கேட்டு வர வேண்டும் என்பதெல்லாம் இருக்கும்.

பணக் கணக்கு இது. 3.5 டன்னுக்குள் உள்ள, கவிழாமல் பெரிதாக அடிபடாமல் ரோட்டில் நிற்கும் வண்டியை எடுத்துப்போக 192 பவுண்ட், அதன்பின் கிடங்கில் நாளொன்றுக்கு 26 பவுண்ட். இருசக்கர வண்டிக்கு நாள் வாடகை குறைவு. இரண்டு வாரம் கிடந்தால் 556 பவுண்ட் ஆகிவிடும். 800 பவுண்டுக்கு வாங்கிய பழைய கார் என்றால் முதல் இரண்டு நாளில் முடிவெடுங்கள், எடுப்பதா விடுவதா என்று. கேட்டு வராவிட்டால் விற்பார்கள் அல்லது நசுக்கிவிடுவார்கள்.

165ஏ பிரிவில் எடுத்த வண்டியைத் திரும்ப எடுக்கச் செல்லுபடியாகும் லைசென்ஸும் அந்த வண்டிக்கான இன்சூரன்ஸும் காட்ட வேண்டும். இங்கேதான் இரண்டாவது தடவை அடி விழும். அவசரமாக ஒரு நாள் பாலிசி எடுத்துக்கொண்டு போவீர்கள், அதன் சின்ன எழுத்தில் ‘பறிமுதல் செய்த வண்டியை மீட்க இது செல்லாது’ என்று இருக்கும், கிடங்கில் இருப்பவர் ஜன்னல் வழியாகத் தலையாட்டிவிடுவார், ஒரு நாள் வாடகை ஏறும். பறிமுதல் வண்டியை மீட்பதற்கென்றே விற்கும் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள், அல்லது உங்கள் பாலிசி அதற்குச் செல்லும் என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். நண்பரின் பாலிசியில் ‘மற்ற காரையும் ஓட்டலாம்’ என்று இருப்பது மீட்க உதவாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் லைசென்ஸ் இல்லையென்றால் லைசென்ஸும் சரியான இன்சூரன்ஸும் உள்ள ஒருவரைக் கூட்டிப்போய் அவர் ஓட்டிவர ஏற்பாடு செய்யலாம். அடையாள அட்டை, வி5சி பதிவுப் புத்தகம், வாங்கிய ரசீது, எம்ஓடி (வருடாந்தர வண்டிச் சோதனைச் சான்று) எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பது மட்டுமே உடைமைக்குச் சான்று ஆகாது என்பதால் ரசீதுக்கு மதிப்பு அதிகம். செக்‌ஷன் 59 வண்டிக்கும் நடைமுறையில் இதே காகிதங்களைக் கேட்பார்கள்.

செக்‌ஷன் 59-இல் ஒரு நல்ல விதி உண்டு. ஓட்டியது உரிமையாளர் இல்லை, அப்படி ஓட்டப்பட்டது அவருக்குத் தெரியாது, அதற்குச் சம்மதிக்கவும் இல்லை, நியாயமான முயற்சி எடுத்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது, இத்தனையும் பொருந்தினால் அவர் பணம் கட்ட வேண்டியதில்லை. அத்தான் இதைத்தான் பிடித்துக்கொண்டார். காரைக் கொடுத்தது அவர்தான், ஆனால் கார் பார்க்கில் வட்டமடிக்கக் கொடுக்கவில்லை. பழைய எச்சரிக்கையை மகன் மறைத்துவிட்டதால் அவருக்கு எதுவும் தெரியாது, தடுக்கவும் வழியில்லை. ஒரு பக்கக் கடிதம் எழுதினார், கட்டணத்தைத் தள்ளிவிட்டார்கள். மகன் செய்த திருட்டுத்தனம் அப்பாவுக்கு 200 பவுண்டுக்கு மேல் மிச்சம் பிடித்துக் கொடுத்தது, இதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த தடவை இது செல்லாது, ஏனென்றால் இப்போது அவருக்குத் தெரியும்.

தவறாக எடுத்தார்கள் என்று நினைத்தாலும் முதலில் பணத்தைக் கட்டி வண்டியை வெளியே எடுங்கள், அப்புறம் சண்டை போடுங்கள், நீங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் மீட்டர் ஓடுகிறது. கட்டும்போது ‘ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்’ என்று எழுதிக் கொடுங்கள். புகாரை அந்தப் படையின் தொழில் ஒழுங்குப் பிரிவுக்கு அனுப்புங்கள், 12 மாதத்துக்குள் கொடுப்பது நல்லது. நீளமாகப் புலம்ப வேண்டாம், எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்பதை மட்டும் எழுதுங்கள்: எச்சரிக்கை இல்லை, 12 மாதத்தில் பழைய எச்சரிக்கையும் இல்லை, அல்லது செல்லுபடியாகும் சர்டிஃபிகேட்டைக் காட்டியும் எடுத்தார்கள் என்கிற மாதிரி. உடம்புக் கேமரா பதிவையும் தனியாகக் கேளுங்கள், உங்களைப் பற்றிய பதிவைக் கேட்பது உங்கள் உரிமை, ஆனால் அதை நீண்ட காலம் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால் முதல் வாரத்திலேயே கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் மறுபரிசீலனை கேட்கலாம், எங்கே கேட்பது என்று பதில் கடிதத்திலேயே இருக்கும். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க கவுண்டி கோர்ட்டில் வழக்குப் போடவும் வழி இருக்கிறது, அதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசுங்கள்.

கிடங்கில் சாவியைக் கையில் கொடுத்ததும் உடனே ஓட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ரோட்டோரத்தில் எடுத்த ஃபோட்டோவை வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், பம்பருக்கு அடியிலும் அலாய் சக்கரங்களிலும் குனிந்து பாருங்கள், லாரியில் ஏற்றும்போது கீறல் விழுவது அங்கேதான். ஏதாவது இருந்தால் அங்கே நின்றபடியே ஃபோட்டோ எடுத்து, அவர்கள் நீட்டும் தாளில் அதை எழுதி, அதன் கீழேதான் கையெழுத்துப் போடுங்கள். கேட்டைத் தாண்டியபின் அந்தக் கீறல் உங்களுடையது.